ஆயில் பாலிஷ் என்று சொல்லி வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்கள்: எச்சரிக்கை

எண்ணெய் பூசிய மேசை, அதில் இரும்புத் தாங்கியோடு பூந்தொட்டி நின்ற இடத்தில் கருவளையம். "தேய்ச்சு ஆயில் பாலிஷ் போட்டுடலாம், நாளைக்கே ரெடி" என்றார்கள் பாலிஷ் போடுபவர்கள். மறுநாள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. சந்தேகம் அப்போதே வந்திருக்க வேண்டும். எண்ணெய் பூசிய மரம் அப்படி மின்னாது, ஒரே நாளில் காயவும் காயாது.

மூன்றாவது வாரம் ஓரத்தில் பூச்சு தூக்கியது. நகத்தால் நெம்பினால் மெல்லிய தாள்போல் உரிந்து வந்தது. அடியில் வளையம் அப்படியே இருந்தது; கருஞ்சாயம் தடவி மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஈரமும் எண்ணெய்ப்பசையும் உள்ள மரத்தில் வார்னிஷ் பிடிக்காது. போதாக்குறைக்கு ஸ்டீல் வுல்லால் (இரும்பு நார்) தேய்த்ததில் இரும்புத் துணுக்குகள் துளைகளில் தங்கி, ஈரம் பட்டதும் புதுக் கரும்புள்ளிகள்.

மேசையில் விழும் வெள்ளைத் தடம் பெரும்பாலும் மேற்பூச்சில் தங்கிய ஈரம்தான். நைலான் பேடில் எண்ணெய் தொட்டு லேசாகத் தேய்த்தாலே பல நேரம் போய்விடும். கறுப்பு அப்படியில்லை. இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கறை அது, ஆழமாக இறங்கும். உப்புத்தாளால் துரத்தினால் பள்ளம்தான் விழும். வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிய மேசை என்றால் அடிப்பலகையே தெரிந்துவிடும். பழைய பூச்சை எடுத்துவிட்டு, ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து (லிட்டருக்கு சுமார் 50 கிராம்) தடவ வேண்டும். வளையத்தில் மட்டும் தடவினால் அங்கே வெளிறிப்போகும், அதனால் பலகை முழுவதும். கறை மங்கியதும் சோடா உப்புக் கரைசலாலும் பிறகு நல்ல தண்ணீராலும் துடைத்து, சில நாள் உலர விடுங்கள். கையுறை கட்டாயம். உலர்ந்த படிவைத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அதன்பின் 180, 220 எண் உப்புத்தாளால் இழை ஓடும் திசையிலேயே தேய்த்து, டங் ஆயிலோ (டங் மரக்கொட்டை எண்ணெய்) பாயில்டு லின்சீட் ஆயிலோ (பதப்படுத்திய ஆளிவிதை எண்ணெய்) மெலிதாகத் தடவுங்கள். 15 நிமிடத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஒரு கைக்கும் (ஒரு தடவைப் பூச்சு) அடுத்த கைக்கும் இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி, மொத்தம் மூன்று கை. முழுதாக இறுக ஒரு மாதம் வரை ஆகும், அதுவரை ஈரத் தம்ளர் வைக்காதீர்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

பணம் திரும்பவில்லை. ரசீதில் 'பாலிஷ்' என்று மட்டும்தான் இருந்தது. வார்னிஷும் பாலிஷ்தானே என்கிறார்கள். என்ன எண்ணெய், எத்தனை கை, இடையில் எத்தனை நாள் என்பதை எழுதி வாங்கிய பிறகே மேசையைக் கொடுங்கள்.