சிலோன் சுருள் பட்டை என்று 3,200 ரூபாய்க்கு கேசியா: ஏமாறாதீர்கள்

ஒரிஜினல் சிலோன் சுருள் பட்டை, ஆல்பா கிரேடு, கிலோ 3,200 ரூபாய். ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்தில் இப்படிப் போட்டிருப்பதை நம்பி யாரும் பணம் கட்டிவிடாதீர்கள். எனக்கு வந்த பார்சலில் மேலே நான்கு விரல் உயரத்துக்குத்தான் நிஜமான சுருள். கீழே முழுக்க கேசியா, அதாவது பிரியாணிக்குப் போடுகிற தடிமனான சாதாரணப் பட்டை. மளிகைக் கடையில் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சரக்குக்கு 3,200 ரூபாய்!

நம்ப வைத்தது ஒரு வீடியோ. குச்சியின் முனையைக் காட்டுங்கள் என்று கேட்டதுமே விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். சுண்டுவிரலைவிட மெல்லிய குச்சி, வெளிர் பழுப்பு நிறம். முனையில் காகிதத் தடிமனில் பல சுற்றுகள், நடுவே துண்டுப் பட்டைகளைத் திணித்துச் சுருட்டு மாதிரி நிறைந்திருந்தது. விரலால் அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. இதை கேசியாவில் செய்து காட்டவே முடியாது. இலங்கையின் காலி, மாத்தறைப் பக்கத்தில் கறுவா (சிலோன் பட்டை) உரிக்கிற முறையே வேறு. ஒன்றரை, இரண்டு வயதுத் தண்டை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, பித்தளைத் தடியால் தேய்த்து உள்பட்டையைத் தளர்த்திய பிறகே கீறி உரிப்பார்கள். அதை ஒன்றுக்குள் ஒன்று செருகி 42 அங்குலக் குச்சியாக்கி நிழலில் உலர்த்துவார்கள். அதிலும் மிக உயர்ந்த தரமான ஆல்பா என்றால் குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்குக் கீழான தரங்கள் கான்டினென்டல், மெக்சிகன், கடைசியில் தடித்த ஹாம்பர்க். வீடியோவில் இருந்தது அசல் ஆல்பாதான். பார்சல் கட்டும்போதுதான் கை வேறு மூட்டைக்குள் போயிருக்கிறது.

கீழே கிடந்த துண்டுகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன். ஒரே பட்டை இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டு, நடுவில் வெறும் ஓட்டை. வெளிப்புறத்தில் சாம்பல் நிற மேல்தோல் திட்டுத்திட்டாக அப்படியே ஒட்டியிருக்கிறது. நிறம் செம்பழுப்பு, உடைத்தால் டக்கென்று மரம் மாதிரி உடைகிறது. மேலே கிடந்ததையும் கீழே கிடந்ததையும் தனித்தனியாகப் பொடித்து வெந்நீரில் கலக்கிப் பார்த்தாயிற்று. கீழ்ப் பொடி சற்று நேரத்தில் கொழகொழவென்று இறுகியது. டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமானது, கேசியா என்றால் இப்படித்தான். மேல்பொடியில் நிறம் அவ்வளவாக மாறவில்லை.

புகார் சொன்னதும் விற்பவரின் முதல் பதில்: "நேச்சுரல் புராடக்ட் சார், பேட்ச்சுக்கு பேட்ச் மாறும்." நிறம் மாறலாம், மரமே மாறுமா? பிறகு ஒரு சான்றிதழ் படம் வந்தது. சிலோன் பட்டைக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது உண்மைதான். அது பெயருக்குப் பாதுகாப்பு, இந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. தளத்தின் கஸ்டமர் கேரோ உணவுப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, விற்பவரிடமே பேசுங்கள் என்று கை கழுவிவிட்டது. விற்பவரிடம் போனால் தளத்தில் டிக்கெட் போடுங்கள் என்கிறார். இப்போது மெசேஜுக்கு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 3,200 ரூபாய் போனது போனதுதான்.

கேசியாவைக் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. தம் பிரியாணிக்கும் கறி மசாலாவுக்கும் அதன் காரமான மணம்தான் நிற்கும், சிலோன் பட்டை அங்கே காணாமல் போய்விடும். பாயசம், டீ, கேக் என்றால் சிலோன். சிக்கல் எங்கே என்றால், சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் காலையில் பட்டைப் பொடி கலக்கிக் குடிப்பவர்கள்தான் இவ்வளவு விலை கொடுத்து சிலோன் தேடுகிறார்கள். கேசியாவில் கூமரின் என்கிற இயற்கை வேதிப்பொருள் அதிகம், அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். கேசியாவில் கிலோவுக்குச் சராசரியாக 3 கிராம் கூமரின் என்று வைத்தால், 2 கிராம் பொடியிலேயே அந்த வரம்பு முடிந்துவிடுகிறது. ஒரு டீஸ்பூன் அதைத் தாண்டும். சிலோனில் கூமரின் பெயரளவுக்குத்தான். ஆக, தெரியாமல் கேசியாவை தினம் குடிப்பவருக்குப் பணமும் போய், எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதுவே உள்ளே போகிறது.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. அவசரமாகச் சில: பொடியாக வாங்கவே வாங்காதீர்கள், எதை அரைத்தார்கள் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லேபிளில் சினமோமம் வெரம் அல்லது சினமோமம் ஜெய்லானிக்கம் என்ற பெயர், விளைந்த நாடு, 14 இலக்க உணவு உரிம எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். வெறும் 'சினமன்' என்றால் விட்டுவிடுங்கள். நம் உணவுச் சட்டத்திலேயே தால்சினி (அசல் சினமன்) வேறு, கேசியா வேறு. முதலில் 50 கிராம் மட்டும் வாங்குங்கள், அது சரியாக இருந்தாலும் அடுத்ததை நம்பிக் கிலோவாகப் போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது அடிவரை கொட்டி வீடியோ எடுங்கள். சிக்கிக்கொண்டால் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள், 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அதற்கும் அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.