பூட் மெனுவை யாரிடம் ஒப்படைப்பது?

பாம்பனில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என்ற இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் ஒரே டிஸ்க்கில் குடியிருக்கின்றன. ஆன் செய்ததும் எதற்குள் போக என்று கேட்கும் பட்டியல்தான் பூட் மெனு. போன கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தபின் ஆன் செய்தால் நேரே டெபியன்தான் வருகிறது, மற்றதைக் காணோம். டிஸ்க்கில் ஃப்ரீபிஎஸ்டி பத்திரமாகத்தான் இருந்தது, அதற்குப் போகும் வழிதான் தொலைந்திருந்தது. மூன்று வழிகளில் அதை மீட்டுப் பார்த்தேன்.

முதலில் கிரப், டெபியனோடு வரும் பூட் மெனு. டிஸ்க்கில் உள்ள மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் என்ற துணை நிரலை ஆன் செய்தால் தானே வந்துவிடும் என்பார்கள். கிரப் 2.06 முதல் அது அணைந்தபடியே வருகிறது, ஆன் செய்தும் எனக்கு ஃப்ரீபிஎஸ்டியைக் காட்டவில்லை. கிரப்பின் 40_கஸ்டம் கோப்பில் நாமே ஒரு மெனுஎன்ட்ரி (மெனு வரி) எழுதி, பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் கிடக்கும் ஃப்ரீபிஎஸ்டியின் லோடர்.இஎஃப்ஐ கோப்பைச் செயின்லோடர் என்ற கட்டளையால் கூப்பிட்டால் போதும், ஃப்ரீபிஎஸ்டியின் கோப்பு முறையான இசட்எஃப்எஸ்ஸைக் கிரப் படிக்கவே வேண்டாம். கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட் மட்டும் அணைந்திருக்க வேண்டும். குறை என்னவென்றால், டெபியனை அழித்துவிட்டு வேறு போட நினைத்த அன்று இந்த மெனுவும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது மதர்போர்டின் சொந்த மெனு. இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற நிரலில் ஒரே கட்டளையில் அதற்கு ஒரு பதிவு எழுதினால் போதும், ஒன்றை ஒன்று நம்பாமல் இரண்டும் தனித்தனியாக எழும். எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான், காலை வாரியதும் இதுதான். இந்தப் பதிவுகள் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் என்விரேம் என்ற சிறு நினைவகத்தில் இருக்கின்றன. கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். மதர்போர்டின் சிஆர்2032 பட்டன் பேட்டரியைப் பிடிக்கும் தகட்டில் பச்சையாகப் பூத்திருந்தது, உப்புக்காற்றின் வேலை. (கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பனைவேலிதான்.) ரப்பரால் தேய்த்துப் புதுப் பேட்டரி போட்டேன். பேட்டரி செத்தால் கடிகாரம் மட்டும்தான் போகும் என்று நினைத்திருந்தேன், இந்தப் பழைய போர்டில் பூட் பதிவுகளும் சேர்ந்து போய்விட்டன.

டெபியன் எப்படித் தப்பியது? அதை நிறுவும்போது கிரப்பின் பிரதி ஒன்றை இஎஃப்ஐ/பூட் ஃபோல்டரில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பெயரில் போட்டு வைத்திருந்தேன். பதிவு எதுவும் இல்லாவிட்டால் போர்டு தேடிப் போகும் பொது இடம் அது.

அதனால்தான் மூன்றாவதான ரீஃபைண்ட் என்ற பூட் மெனுவுக்கு என் ஓட்டு. ஒவ்வொரு முறையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தானே துழாவி, கண்டதையெல்லாம் ஐகானாகக் காட்டும், நாம் எதுவும் எழுத வேண்டியதில்லை. சும்மா நிறுவினால் அதுவும் ஒரு பதிவுதான், பேட்டரியோடு அதுவும் போகும். நிறுவும்போதே யூஸ்டிஃபால்ட் என்ற ஆப்ஷனைக் கொடுத்து அந்தப் பொது இடத்தில் உட்கார வையுங்கள், அங்கே ஏற்கெனவே இருக்கும் கோப்பை முதலில் பிரதி எடுத்துக்கொண்டு.

அப்புறம் மணி. பேட்டரி மாற்றிய பிறகு டெபியனில் 5:30 மணி நேரம் முன்னால் ஓடியது. ஃப்ரீபிஎஸ்டி நம்மூர் நேரத்தை எழுதி வைக்க, டெபியன் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் இடிசி ஃபோல்டரில் வால்_சிமாஸ்_கிளாக் என்ற வெற்றுக் கோப்பை நீக்கி, ரீபூட் செய்து, நேரத்தை ஒருமுறை சரிசெய்தேன், தீர்ந்தது.