மண்டாய் விலங்குத் தோட்டத்திற்கு ஒரு பகலை ஒதுக்கலாமா?

"கூண்டில் அடைத்த விலங்குகளைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்கும்போதெல்லாம், மண்டாய் வட்டாரத்தில் 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் பெரும்பாலும் அகழிகளும் செடிகொடிகளுமே விலங்குகளையும் நம்மையும் பிரிக்கின்றன என்பதைத்தான் முதலில் சொல்வேன். ஓராங் ஊத்தான்களுக்காகவே போகலாம். சென்ற முறை, குட்டியை வயிற்றோடு அணைத்திருந்த தாய் ஒன்று எங்கள் தலைக்கு மேலே இருந்த கயிற்றில் நிதானமாக வந்து, கிளையில் சாய்ந்தபடி பழத்தோலை உரித்துக் கீழே போட்டது. அத்தை குடையை விரித்துக்கொண்டார்.

இங்கேயே பிறந்த பனிக்கரடி இனூக்கா 2018இல் இறந்தபின் வேறொரு பனிக்கரடியைக் கொண்டுவராததை நான் பெரிதாக மதிக்கிறேன். எந்த ஊரிலும் நுழைவுச்சீட்டு வாங்குமுன் இதைத்தான் பார்ப்பேன்: தட்பவெப்பத்திற்கு ஒவ்வாத விலங்கை வைத்திருக்கிறார்களா, புலிக்குட்டியை மடியில் கிடத்திப் படமெடுக்க விடுகிறார்களா? அப்படியானால் அந்தப் பக்கமே போவதில்லை.

கட்டணம் குறைவன்று. பக்கத்திலேயே 1994இல் தொடங்கிய, இரவில் மட்டும் திறந்திருக்கும் விலங்குத் தோட்டமான இரவு சஃபாரியையும் அதே நாளில் சேர்த்தால் முதியவர்களின் கால்கள் தாங்கா. காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து காலையிலேயே புறப்பட்டால், பிற்பகல் மழை பிடிப்பதற்குள் திரும்பிவிடலாம்.