பாலைவன வீட்டுக்கு மெழுகா, உப்பா, மண்ணா?

பகல் சூட்டை வாங்கி வைத்து வீட்டுக்குள் சூடு ஏறாமல் தடுக்க மெழுகு, உப்பு, மண்சுவர் என்று மூன்று வழிகள் பேசப்படுகின்றன. மெழுகு உருகும்போது சுற்றியுள்ள சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை பெரிதாக ஏறாது. ஒரு கிலோ பாரஃபின் மெழுகு உருகச் சுமார் 200 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பத்தை ஐந்து டிகிரி சூடேறி வாங்கிக்கொள்ள 40 கிலோவுக்கும் மேல் கான்கிரீட் தேவை. கனமான சுவர் எழுப்ப முடியாத கட்டடங்களில் ஜிப்சம் பலகைக்குள் மெழுகை நுண்குமிழ்களாக அடைப்பது இதனால்தான்.

மெழுகு பலமுறை உருகி உறைந்தாலும் குணம் மாறாது, உலோகத்தை அரிக்காது. ஆனால் தீப்பற்றும். வெப்பத்தையும் மந்தமாகவே கடத்தும். தடிமனாக வைத்தால் உச்சி வெயில் கடந்த பிறகும் நடுப்பகுதி உருகாமல் கிடக்கும்.

கணக்குப் பார்த்தால், படிகத்துக்குள் நீரைப் பிடித்துவைத்திருக்கும் நீரேற்ற உப்புகள் முந்துகின்றன. இவையும் மெழுகைப் போலவே உருகி வெப்பத்தை வாங்கும். தீப்பற்றாது, அடர்த்தி கூடுதல் என்பதால் அதே இடத்தில் அதிக வெப்பம் அடங்கும், மெழுகைவிட இரண்டு மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும். சிக்கல் நாள்பட நாள்படத்தான் தெரியும். 1948இல் அமெரிக்காவின் டோவர் ஊரில் மரியா டெல்க்ஸ் ஒரு வீட்டைச் சூரிய வெப்பத்தால் கதகதப்பாக வைக்க, 32 டிகிரியில் உருகும் கிளாபர் உப்பை (நீரேறிய சோடியம் சல்பேட்) பயன்படுத்தினார். சில குளிர்காலங்களிலேயே உப்பு பிரிந்து அடியில் படிந்துவிட்டது. உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கும் குணமும் இதற்கு உண்டு. எனவே உப்பைச் சுவருக்குள் பூசிப் புதைக்க நான் சம்மதிக்க மாட்டேன். கழற்றி மாற்றக்கூடிய பொதிகளாகக் கூரைக்கடியில் வைப்பதென்றால் சரி.

தடித்த மண்சுவருக்கு உருகுநிலை என்ற கவலையே இல்லை. பகல் சூட்டைப் பல மணி நேரம் தள்ளிப்போடும். இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் மெழுகோ உப்போ, பகலில் உருகியது இரவில் உறைந்தே ஆகவேண்டும். பாலைவன இரவு குளிரும் என்று நம்பி 24 டிகிரியில் உருகும் பொருளை வாங்குகிறார்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜூலை இரவுகளின் சராசரிக் குறைந்த வெப்பநிலையே 29 டிகிரி. கத்தாரின் தோஹாவில் 30ஐத் தாண்டும். அங்கே அந்தப் பொருள் ஏப்ரலில் நன்றாக உழைக்கும், ஜூலையில் வாரக்கணக்கில் உருகியபடியே கிடக்கும். மிக அதிகமாகத் தேவைப்படும் மாதத்தில்தான் கைவிடுகிறது என்பது எனக்குப் பெரிய குறை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 36, 37 டிகிரியில் உருகும் மெழுகைக் கூரையின் வெளிப்பக்கம் வைக்கலாம். மேகமற்ற வறண்ட வானத்தை நோக்கிக் கூரை இரவெல்லாம் வெப்பத்தை வீசுவதால் அது உறைந்துவிடும். அறையைக் குளிர்விக்காது, கூரை வழி இறங்கும் சூட்டின் உச்சத்தைத் தணிக்கும். இல்லையென்றால், வெளிக்காற்று சற்றே தணிந்த பின்னிரவில் ஏசியால் உறையவைத்து, பிற்பகல் சுமையைக் குறைக்கலாம்.

வெள்ளைக் கூரையும் வெப்பக்காப்பும் நிழலும் இல்லாத வீட்டுக்கு இவை எதையும் பரிந்துரைக்க மாட்டேன். அவை இருந்தால், உங்கள் ஊரின் ஜூலை இரவு வெப்பநிலைகளைப் பொருளின் உருகுநிலையோடு ஒட்டிப்பாருங்கள். இரவில் பல மணி நேரம் சில டிகிரியாவது கீழே இறங்கவில்லை, ஏசியால் உறையவைக்கும் திட்டமும் இல்லை என்றால், அந்தப் பணத்தில் கூரைக் காப்பை இன்னும் தடிமனாக்குங்கள்.