வாடைக்காற்றில் ரப்பர் படகும் விரால் தூண்டிலும்: 4 மழைக்காலம் ஓட்டிய பிறகு

10 அடி ரப்பர் படகு ஒன்று, 7 அடி ராடு (தூண்டில் கோல்) இரண்டு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் 4 மழைக்காலம் ஓடியிருக்கிறது. ஐப்பசியில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் மாசி, பங்குனி வரை வேலை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: படகு தேறும், அதோடு வந்த நங்கூரமும் துடுப்பும் தேறாது. ராடு, ரீல், ரப்பர் தவளை (முள் வைத்த போலி இரை) என்று கொட்டுகிற காசில் கால்வாசியைக் கயிற்றுக்கும் மூங்கில் கழிக்கும் ஒதுக்கினால் மீன் கூடும்.

காரணம் காற்று. ரப்பர் படகு தண்ணீருக்குள் உட்காராது, மேலே மிதக்கும். அடியில் அரை அடிகூட இறங்காது. மேலே காற்றடைத்த ஒன்றரை அடிப் பக்கக் குழாய் காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். அடியில் காற்றை எதிர்த்துப் பிடிக்க எதுவும் இல்லாததால், துடுப்பை இரண்டு நிமிடம் கீழே வைத்தாலே படகின் மூக்கு திரும்பிவிடும்.

நம் பக்கம் நிலம் கிழக்கே, தென்கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், உள்வாய் (கரைக்கு எதிரே தண்ணீர் பரவி நிற்கும் பக்கம்) மேற்கே. மார்கழி வாடை வடகிழக்கிலிருந்து கரையைத் தாண்டி வருகிறது. கரையை ஒட்டி 30, 40 மீட்டருக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஏமாற்றுவது இதுதான். வண்டி கரைமேல் நிற்கும், படகைக் கரையில் இறக்குவோம், போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும். துடுப்பு போடுகிற வேலையே இருக்காது. 10 மணிக்கு மேல் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். திரும்புகிற வழி முழுக்க எதிர்காற்று, அதுவும் கை சோர்ந்த நேரத்தில். தோற்றால் படகு போய்ச் சேருவது தென்மேற்கு மூலைக் கருவேலங்காட்டில். ஆகவே விடியற்காலையில் கரையின் காற்று மறைவிலேயே வடக்கு நோக்கி ஏறிவிட்டு, மீன்பிடித்தபடி தெற்கே இறங்குவது நல்லது. உள்வாய்க்குப் போயே ஆகவேண்டும் என்றால் 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அலைத் தலையில் வெள்ளை நுரை அங்கொன்று இங்கொன்றாகத் தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆடிக்காற்றில் எல்லாம் தலைகீழ்: மேல்காற்று கரையில் அறையும். உள்சரிவில் அலைக்கல் பதித்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் ஆடியில் பாதிக் கண்மாயில் கிரிக்கெட் நடக்கும், அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

எதிர்காற்றில் வரும்போது அலையை நேருக்கு நேர் வாங்காமல் கொஞ்சம் சாய்த்து வாங்கவேண்டும். கனமான ஆள் முன்பக்கம் தரையோடு உட்கார வேண்டும். இருவரும் பின்னால் இருந்தால் மூக்கு தூக்கி, காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும்.

அலுமினியத் துடுப்பின் வளையம் இரண்டாம் வருடமே உடைந்தது. அதன்பின் 12 அடி மூங்கில் கழிதான். கண்மாயில் பெரும்பாலான இடம் ஒன்றரை ஆள் ஆழத்துக்குள் இருப்பதால் ஊன்றித் தள்ளுவதுதான் வேகம். ஒரே எச்சரிக்கை: களிமண் கழியைக் கவ்வும். நேராக இழுத்தால் கழி நிற்கும், படகு போகும், நடுவில் ஆள் தொங்குவார். முதலில் கால் சுற்று திருகி, பிறகு இழுக்கவேண்டும். கழி சிக்கிக்கொண்டால் கையை விட்டுவிட வேண்டும். கழி எங்கும் போகாது.

நங்கூர விஷயத்தில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. கூட வந்த ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம் கருவேல வேரில் மாட்டினால் வராது. வெறும் சேற்றில் போட்டால் பிடிக்காது. வழி இருக்கிறது. கயிற்றை நங்கூரத்தின் மேல் வளையத்தில் கட்டாமல், கீழே கொக்கிகள் சேருகிற அடிப்பகுதியில் கட்டவேண்டும். பிறகு கயிற்றைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தோடு மெல்லிய சணலால் இரண்டு சுற்று முடியவேண்டும். சாதாரணமாக இழுக்கும்போது மேலிருந்து இழுபடும். சிக்கினால் வெட்டி இழுக்க, சணல் அறுந்து நங்கூரம் அடிப்பக்கமாகப் புரண்டு கழன்று வரும். சட்டைப்பையில் நாலு துண்டு சணல் எப்போதும் இருக்கட்டும். கயிறு ஆழத்தைப்போல் 5 மடங்கு: 2 மீட்டர் தண்ணீருக்கு 10 மீட்டர். குறைந்தால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுப் பெயர்ந்துவிடும். கட்டுவது எப்போதும் மூக்கில். வசதிக்காகப் பின்னால் கட்டினால் அலை பின்பலகை மேலேறி உள்ளே கொட்டும்.

நிற்காமல் மெதுவாக ஒழுகிப் போக நினைத்தால் யூரியா சாக்கு போதும். சாக்கின் வாயில் கட்டுக்கம்பியை வளையமாகத் தைத்து, அடி மூலையைக் கை நுழையும் அளவு வெட்டிவிட்டு, 4 மீட்டர் கயிற்றில் காற்று வரும் பக்கம் மிதக்கவிட்டால் தண்ணீரை வாங்கி இழுத்துப் பிடிக்கும். படகு குறுக்கே நின்று நிதானமாக நகரும். இருவரும் ஒரே பக்கம் எறியலாம். கடையில் விற்கும் துணிப் பாராசூட்டுக்கும் இதற்கும் வேலையில் வித்தியாசம் தெரியவில்லை.

இனி முள். நம் கண்மாய்களுக்குள் நாட்டுக் கருவேலமும் ஓரத்தில் சீமைக்கருவேலமும் இருக்கிறவரை ரப்பர் படகுக்கு ஓட்டை நிச்சயம். பெயர்தான் ரப்பர், துணி பிவிசி என்கிற பிளாஸ்டிக். அதனால் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் இதில் ஒட்டாது. ஒட்டியதுபோல் காட்டிவிட்டு மறுநாள் உரியும். கடினப்படுத்தி கலந்து பூசும் பிவிசி பசைதான் வேண்டும். சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடித்ததும் முதல் வேலை, முள்நுனி உள்ளே நிற்கிறதா என்று தடவிப் பார்ப்பது. விட்டுவிட்டால் மடிக்கும்போது எதிர்ச்சுவரையும் குத்தும். ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலம் கூடுதலாக, மூலையில்லாமல் வட்டமாக ஒட்டுத்துணி வெட்டி, இரு பக்கமும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அசிட்டோனால் துடைக்கவேண்டும். இரண்டு பக்கத்திலும் மெல்லிய பூச்சு. 10 நிமிடம் கழித்து இரண்டாம் பூச்சு. விரல் வைத்தால் ஒட்டுகிற ஆனால் பசை கையில் வராத பதத்தில் அழுத்தி, சொம்பின் அடியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, 24 மணி நேரம் காற்றடிக்காமல் விடவேண்டும். அடைமழை நாளில் செய்தால் ஈரம் பசைமேல் படிந்து ஒட்டு நிற்காது. வெயில் அடிக்கும் நண்பகலுக்குக் காத்திருப்பதுதான் வழி.

காற்றழுத்தம் குழாயில் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு). படகின் எல்லாக் காற்றறையையும் பாதிபாதி நிரப்பிவிட்டு, பிறகு சுற்றி வந்து முழுசாக்கினால் நடுத்தடுப்பு தாங்கும். விடியலில் நிரப்பியதை நண்பகலில் கரைமேல் இழுத்துப் போட்டால் 3 என்பது நாலரையைத் தொடும். தையல் ஒட்டு விடுவது அங்கேதான். கரையேறியதும் ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள்.

பேட்டரி மோட்டார் ஒரு பருவம் வைத்திருந்து கழற்றியாயிற்று. முழுவேகத்தில் 30 ஆம்பியர் குடிக்கும். 60 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது என்றால் 1 மணி நேரம். அதற்குள் வேலம்பாசி விசிறியில் நூல் சுற்றுவதுபோல் சுற்றிவிடும்.

தூண்டிலுக்கு வருவோம். ரப்பர் தவளை அமெரிக்கப் பாஸ் மீனுக்காகப் புகழ்பெற்ற சரக்கு. நம் விராலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. ஆனால் அங்கத்திய இலையுதிர்கால யோசனையை அப்படியே எடுக்கக்கூடாது. காற்று அறையும் கரையில் எறியச் சொல்வார்கள். அங்கே காற்று நுண்ணுயிரை ஒதுக்க, அதைத் தேடிச் சிறுமீனும் சிறுமீனைத் தேடிப் பாஸும் வரும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் போகிற மீன், பாசிக்கடியில் பதுங்கி அடிக்கிற மீன். அது அல்லிக்கொடி இடுக்கில், காற்று மறைவான பொத்தல்களில்தான் கிடக்கிறது. வாடைக் காலத்தில் கரையோர அல்லித்திட்டை விட்டு உள்வாய்க்கு ஓடுவது வீண் அலைச்சல்.

40 எல்பி (பவுண்டு) இழுவை தாங்கும் பிரெய்டு என்கிற பின்னல் லைன், 3000 அளவு ரீல், 10 கிராம் அளவுள்ள தவளை. காற்றுக்குக் குறுக்கே எறிந்தால் லைன் வில்லாக வளையும்; விரால் டபக்கென்று வாங்கியபின் ராடை வெட்டி இழுத்தால் அந்த வளைவுதான் நிமிரும், தூண்டில் முள் மீன் வாயில் ஏறாது. நங்கூரமிட்டுக் காற்றோடு எறிந்து, ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டி வைத்து, அடித்ததும் ‘ஒன்று, இரண்டு’ எண்ணிக்கொண்டே தொய்வைச் சுற்றி, பிறகு வெட்டவேண்டும். அவசரப்பட்டால் தவளை முகத்துக்கு வரும். முதல் மழையின் செந்தண்ணீரில் எறிவது வீண். வண்டல் படியும்வரை பொறுக்கலாம். சிவப்புக் குஞ்சுக்கூட்டம் கொப்பளிக்கிற இடத்தில் எறியவே வேண்டாம். கீழே காவல் நிற்பது தாயும் தகப்பனும். பிடித்தால் குஞ்சு மொத்தமும் போகும்.

மடை திறந்திருந்தால் 20 மீட்டர் விலகியே இருங்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். மறுகால் போகும்போது, அதாவது கண்மாய் நிரம்பி வழியும்போது, அது வழிகிற கலிங்குப் பக்கம் படகே கூடாது. ஐப்பசி மாலை இடிமின்னலில் கார்பன் ராடு கையில் இருக்கக்கூடாது. மீன்பாசிக் குத்தகைதாரரிடம் (கண்மாயின் மீன்பிடி உரிமையை எடுத்தவர்) சொல்லிவிட்டு இறங்குவது முறை. ஊருணியும் வேட்டங்குடி சரணாலயக் கண்மாய்களும் கணக்கிலேயே இல்லை. உள்ளே நுரை வைத்த மிதவைச்சட்டையைக் காலடியில் சேறு இருக்கிறவரை கழற்றாதீர்கள்.

பருவம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மடிப்பு மடிப்பாகக் காயவைத்து, பவுடர் தூவவேண்டும். சுருட்டிக் கட்டி மூலையில் போட்டால் எலி மடிப்பின் ஓரத்தைத்தான் முதலில் கடிக்கும். ஒரே கடியில் நாலு ஓட்டை. பாதிக் காற்றோடு உத்தரத்திலிருந்து இரண்டு சேலைத்துணியில் தொங்கவிட்டது மூன்று கோடையாகக் கடிபடாமல் இருக்கிறது.