தென்காசியில் டெங்கு டெஸ்ட்: காய்ச்சல் எத்தனையாவது நாள்?

இந்த முறை தென்காசியில் இருந்தபோது அக்கா மகனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாளும் இறங்கவில்லை, கண்ணுக்குப் பின்னால் வலி வேறு. பக்கத்துத் தெரு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

லேபில் இருந்த பெண் ஊசியைத் தொடும் முன்பே, "காய்ச்சல் எத்தனாவது நாள்ண்ணே?" என்று கேட்டு ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டார். ரத்தத்தில் இருந்து சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்து, டெங்கு வைரஸின் என்எஸ்1 என்ற புரதத்தைக் காட்டும் கார்டில் விட்டார். வெள்ளைப் பட்டையில் இளஞ்சிவப்பு ஈரம் ஏறியது. கார்டு சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் 'சி' கோடு பளிச்சென்று விழுந்தது. என்எஸ்1 இருந்தால் கோடு விழும் 'டி' பக்கம் வெகுநேரம் ஒன்றுமில்லை. கால் மணி நேரம் ஆகும்போது மங்கலாக ஒரு கோடு.

அந்தச் சிவப்பு, தங்கம். இத்தகைய கார்டுகள் பலவற்றில் இருப்பது சுமார் 40 நானோமீட்டர் அளவுத் தங்கத் துகள்கள். அவ்வளவு பொடியானால் தங்கம் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பாகத் தெரியும்; 1857-லேயே மைக்கேல் ஃபாரடே இந்தச் சிவப்பை ஆராய்ந்திருக்கிறார். துகள்மேல் ஒட்டிய ஆன்டிபாடி வைரஸின் என்எஸ்1 புரதத்தைப் பிடிக்கிறது, 'டி' கோட்டில் உள்ள ஆன்டிபாடி அதை அங்கேயே நிறுத்துகிறது. மெஷின் எதுவும் வேண்டாம், கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது.

ஆனால் நாள் கணக்கு தெரியாமல் அந்தக் கார்டைப் படிக்க முடியாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு என்எஸ்1 குறைந்துகொண்டே போகும். முன்பே டெங்கு வந்தவர்களுக்கு உடம்பிலுள்ள பழைய ஆன்டிபாடி என்எஸ்1-ஐ மூடிக்கொள்வதால், நோய் இருந்தும் கோடு விழாமல் போகலாம். அக்காவின் மாமியாருக்கு வேறொரு லேபில் நாளே கேட்காமல் 'நெகட்டிவ்' என்று ஒற்றை வரி கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். பிளேட்லெட் இறங்கிய பிறகுதான் அட்மிட் பண்ணினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மருமகனை நேரே ஜிஹெச்சுக்குக் கொண்டுபோனோம். அரசு வழிகாட்டுதலில் கார்டு முடிவு மட்டும் போதாது, எலிசா என்ற லேப் பரிசோதனை செய்துதான் உறுதி செய்வார்கள். முதல் ஐந்து நாளுக்கு என்எஸ்1 எலிசா, அதன்பின் ஐஜிஎம் எலிசா; ஐஜிஎம் என்பது நோய்க்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி. காசு வாங்கவில்லை. பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டில் காய்ச்சல் நாளை எழுதி வாங்குங்கள். ஆறாம் நாள் கார்டு நெகட்டிவ் என்றால் ஐஜிஎம் எலிசாவும் கேளுங்கள்.