நம்பகமில்லாத வாலட்டை விட்டு ஸ்பாரோவுக்கு: எது தேறுகிறது, எங்கே தடுக்கும்

நேற்று இருந்த பிட்காயின் இருப்பு இன்று பூஜ்யம் என்று காட்டும். அனுப்பிய தொகை இரண்டு நாளாகப் பெண்டிங்கில் நிற்கும், கட்டணத்தை ஏற்றலாம் என்றால் அதற்குப் பொத்தானே இருக்காது. மொபைல் வாலட்களில் அடிக்கடி கேட்கும் புகார்கள் இவை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இருப்பு விவரம் முழுவதையும் அந்த வாலட் தன் நிறுவனத்தின் சர்வரிடமே கேட்கிறது. சர்வர் பின்தங்கினால் திரையில் காசு தெரியாது. பதறாமல் பழைய முகவரியை ஏதாவது ஒரு பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பிட்காயின் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கக்கூடிய இணையதளம்) போட்டுப் பாருங்கள். அங்கே தொகை இருந்தால் காசு பத்திரமாக இருக்கிறது, வாலட்தான் காட்டவில்லை. ஆனால் அப்படிப்பட்ட வாலட்டில் தொடர வேண்டிய அவசியமும் இல்லை.

பிட்காயின் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பாரோ என்ற வாலட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். சர்வரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது: பொது சர்வர், சொந்த பிட்காயின் கோர் (பிட்காயின் பதிவேட்டைத் தானே சரிபார்க்கும் நோடு மென்பொருள்), சொந்த எலக்ட்ரம் சர்வர் (முகவரிகளின் இருப்பைத் தேடித் தரும் சர்வர்). கீழே வலது மூலையில் உள்ள சுவிட்ச் பொது சர்வர் என்றால் மஞ்சளாகவும், கோர் என்றால் பச்சையாகவும், சொந்த எலக்ட்ரம் என்றால் நீலமாகவும் இருக்கும். ஒரு பொது சர்வர் முடங்கினால் செட்டிங்ஸில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், இருப்பு திரும்ப வந்துவிடும். பொது சர்வருக்கு உங்கள் முகவரிகள் எல்லாம் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அது பிடிக்காவிட்டால் சொந்த நோடுதான் வழி.

இதன் உண்மையான பலம் அனுப்பும் பக்கத்தில் தெரிகிறது. கட்டணத்தை ஒரு விபைட்டுக்கு (டிரான்ஸாக்‌ஷனின் அளவை எண்ணும் அலகு) எத்தனை சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) என்று நீங்களே வைக்கலாம், மெம்பூலின் (உறுதிப்படக் காத்திருக்கும் டிரான்ஸாக்‌ஷன்களின் வரிசை) நெரிசலும் வரைபடமாகப் பக்கத்திலேயே தெரியும். எந்தெந்தக் காசு உள்ளே போகிறது, எங்கே எவ்வளவு போகிறது, மீதி எந்த முகவரிக்குத் திரும்புகிறது என்பதெல்லாம் ஒரு படமாக விரியும். கட்டணம் குறைந்துபோய் டிரான்ஸாக்‌ஷன் சிக்கினால், அதன்மேல் வலது கிளிக் செய்து கட்டணத்தை உயர்த்தி மறுபடி அனுப்பலாம். யூடிஎக்ஸ்ஓ பக்கத்தில் இன்னும் செலவழிக்காத ஒவ்வொரு காசுத் துண்டும் தனித்தனியாகத் தெரியும். தொடக்கூடாத துண்டை ஃப்ரீஸ் செய்து ஒதுக்கி வைக்கலாம்.

இனி மாறுவது. பலரும் செய்வது, பழைய சீட் சொற்களை, அதாவது வாலட்டை மீட்க உதவும் ரகசியச் சொற்களை, புது வாலட்டில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது. அது போதாது. பழைய வாலட் அந்தச் சொற்களை எப்படி உருவாக்கியது என்பது உங்களுக்குத் தெரியாது. 2023-ல் வெளியான 'மில்க் சாட்' குறைபாடு இதற்குத் தெளிவான உதாரணம். லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியின் 3 வரிசையில் சீட் உருவாக்கும் கட்டளை 32 பிட் நேரக் கணக்கை மட்டுமே நம்பியிருந்தது. 24 சொற்கள் கொண்ட சீட்டாகவே இருந்தாலும், உண்மையில் சாத்தியமானவை சுமார் 429 கோடி சீட்கள் மட்டுமே. சாதாரணக் கணினியாலேயே தேடி முடிக்கக்கூடிய எண்ணிக்கை அது. பலருடைய காசு அப்படித்தான் பறிபோனது. சொற்களின் எண்ணிக்கையைப் பார்த்து அவற்றின் வலிமையைச் சொல்ல முடியாது. எனவே புது வாலட்டில் புதுச் சொற்கள், பிறகு செயின் (பிட்காயினின் பொதுப் பதிவேடு) வழியாகவே காசைப் புது முகவரிக்கு அனுப்பி மாற்றுங்கள்.

மென்பொருளை ஸ்பாரோவின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். கூடவே வரும் மேனிஃபெஸ்ட் கோப்பையும் (மென்பொருள் கோப்புகளின் சரிபார்ப்புக் குறியீடுகள் உள்ள பட்டியல்) அதன் கையொப்பத்தையும் இறக்கி ஜிபிஜி என்ற கையொப்பச் சோதனைக் கருவி மூலம் சரிபாருங்கள். இதை வெற்றுச் சடங்கு என்று ஒதுக்காதீர்கள். 2018 டிசம்பரில் எலக்ட்ரம் என்ற வாலட்டின் பயனர்களுக்கு விஷமச் சர்வர்கள் போலி அப்டேட் செய்தியைக் காட்டின. அதை நம்பி நிறுவியவர்கள் காசை இழந்தார்கள்.

நியூ வாலட் கொடுத்து, சிங்கிள் சிக்னேச்சர் (ஒரே சாவி), நேட்டிவ் செக்விட் (கட்டணம் குறைவாகப் பிடிக்கும் புதிய முகவரி வகை) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். சாஃப்ட்வேர் வாலட் பகுதியில் பிப் 39 (சீட் சொற்களுக்கான பொதுத் தரம்) சொற்களை உருவாக்கச் சொல்லுங்கள். சொற்களைப் பேனாவால் காகிதத்தில் எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், மெயிலில் போடாதீர்கள். அந்தப் பட்டியலில் மொத்தம் 2048 சொற்கள், முதல் நான்கு எழுத்திலேயே ஒவ்வொன்றும் வேறுபடும். அதனால் கையெழுத்து கொஞ்சம் கலைந்தாலும் சொல்லை மீட்டுவிடலாம். வரிசை கலைந்தால்தான் வம்பு.

செட்டிங்ஸ் பக்கத்தில் மாஸ்டர் ஃபிங்கர்பிரிண்ட் என்று எட்டு எழுத்துகளில் ஒரு குறியீடு இருக்கும். அதையும் முதல் ரிசீவ் முகவரியையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, அது வந்து சேர்ந்ததும் ஸ்பாரோவில் அந்த வாலட் கோப்பை நீக்கிவிட்டுக் காகிதத்தை மட்டும் வைத்து மீட்டுப் பாருங்கள். அதே ஃபிங்கர்பிரிண்ட், அதே முகவரி, அதே தொகை வந்தால்தான் பெரிய தொகையை நகர்த்த வேண்டும். பாஸ்ஃப்ரேஸ், அதாவது சீட் சொற்களோடு கூடுதலாக ஒரு ரகசியத் தொடர், சேர்ப்பவர்களுக்கு இந்த ஒத்திகை இன்னும் முக்கியம். அதில் ஒரு எழுத்து மாறினாலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது, காலியான வேறொரு வாலட் திறக்கும். ஃபிங்கர்பிரிண்ட் மாறியிருப்பதைப் பார்த்தால்தான் தவறு புரியும்.

பழைய வாலட் கட்டணத்தைத் தானே வைக்கிற ரகம் என்றால் அங்கிருந்து அனுப்ப வேண்டாம். பழைய சொற்களையும் தற்காலிகமாக ஸ்பாரோவில் இன்னொரு வாலட்டாகத் திறந்து, கட்டணத்தை நீங்களே வைத்து அனுப்புங்கள். பழைய பாணி, அதாவது 1-ல் தொடங்கும் முகவரியில் இருக்கும் ஒரு துண்டு உள்ளே போக சுமார் 148 விபைட் பிடிக்கும். நேட்டிவ் செக்விட் என்றால் 68. பழைய பாணியில் பத்துத் துண்டுகளை ஒரே முகவரிக்கு அனுப்பினால் ஏறத்தாழ 1520 விபைட். விபைட்டுக்கு 4 சடோஷி என்றால் 6,080 சடோஷியில் முடியும், 40 என்றால் 60,800 ஆகும். நெரிசல் குறையும்வரை காத்திருப்பது நல்ல காசை மிச்சப்படுத்தும். விபைட்டுக்கு 10 சடோஷி நிலவரத்தில் 1,480 சடோஷிக்குக் குறைவான பழைய பாணித் துண்டைத் தூக்குவதே நஷ்டம், அதை விட்டுவிடுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அவை ஒருவருடையவை என்று செயினில் பதிவாகிவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அனுப்புவதற்கு முன் முகவரியை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிடுங்கள். கிளிப்போர்டில் முகவரியை மாற்றும் வைரஸ்கள், முதலும் கடைசியும் ஒத்துப்போகிற முகவரியையும் வைக்கக்கூடும். அதனால் நடுவில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள்.

சொற்களை மீட்டபின் பூஜ்யம் காட்டினால் பெரும்பாலும் ஸ்கிரிப்ட் வகை, அதாவது முகவரியின் வகை, தவறியிருக்கும். 1-ல் தொடங்கும் முகவரிக்குப் பாதை (சொற்களிலிருந்து முகவரிகளை உருவாக்கும் வழியின் எண்) 44, 3-ல் தொடங்கும் செக்விட் முகவரிக்கு 49, பிசி1க்யூ என்று தொடங்குவதற்கு 84, பிசி1பி என்று தொடங்குவதற்கு 86. பழைய வாலட்டின் ஒரு முகவரியைப் பார்த்தாலே எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அதுவும் சரியாக இருந்து தொகை மட்டும் குறைந்தால், கேப் லிமிட்டை 20-லிருந்து 100 ஆக்கிப் பாருங்கள். பயன்படுத்தாத முகவரிகள் வரிசையாக இருபது வந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். பழையது எலக்ட்ரம் என்றால், அதன் சொற்கள் பிப் 39 முறையைச் சேர்ந்தவை அல்ல. அங்கிருந்தே காசை அனுப்புவது எளிது.

பெண்டிங்கில் ஏதாவது இருக்கும்போது மாறத் தொடங்காதீர்கள். மீதித் தொகை உங்களுக்கே திரும்பி வரும் டிரான்ஸாக்‌ஷன் என்றால், அந்த மீதியை அதிகக் கட்டணத்தில் செலவழித்து இரண்டையும் சேர்த்து உறுதிப்படுத்த வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால், வழக்கமான அமைப்பில் உள்ள நோடுகள் 14 நாளில் அதைக் கைவிடும். காசு பழைய இடத்திலேயே இருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்பாரோவுக்கு மொபைல் பதிப்பு கிடையாது. பிட்காயினைத் தவிர வேறு காயின் எதுவும் கிடையாது, சிறு தொகைகளை உடனே அனுப்ப உதவும் லைட்னிங்கும் இல்லை. முதல்முறை திறப்பவர்களுக்கு விவரங்கள் குவிந்துகிடப்பது போல் தோன்றும். சொற்கள் கணினியிலேயே இருப்பதால், கணினியில் வைரஸ் புகுந்தால் காசும் போகலாம். தொகை பெரிதென்றால் ஹார்டுவேர் வாலட்டை (சொற்களைக் கணினிக்கு வெளியே வைத்திருக்கும் தனிக் கருவி) இணைத்து, ஸ்பாரோவைப் பார்க்கவும் அனுப்பவும் மட்டும் வையுங்கள். அதற்கு இதைவிட நல்ல துணை டெஸ்க்டாப்பில் இல்லை என்பது எங்கள் கருத்து.

காசு நகர்ந்தபின் பழைய சொற்களைக் கிழித்துவிடாதீர்கள். பழைய முகவரியை வைத்திருக்கும் யாராவது என்றாவது அங்கே அனுப்பக்கூடும். பழைய வாலட்டின் எக்ஸ்பப்பை (முகவரிகளைப் பார்க்க மட்டும் உதவும் பொதுச் சாவி) எடுத்து ஸ்பாரோவில் வாட்ச் ஒன்லியாக, அதாவது பார்க்க மட்டும், சேர்த்துவிட்டு, மொபைலில் இருக்கும் செயலியை நீக்குங்கள். புதிதாக ஏதாவது வந்தால் அந்தப் பக்கத்தில் தெரியும், அப்போது பழைய காகிதத்தை எடுத்தால் போதும்.